ஆமிஷ் பண்ணைகள்ல இலையுதிர் காலம் எப்படி இருக்கும்?

கேள்வி இதுதான்: அமெரிக்கால ஆமிஷ் மக்கள் (பழைய வாழ்க்கை முறையை விடாத ஒரு கிறிஸ்தவப் பிரிவு) வாழ்ற கிராமத்துல இலையுதிர் காலத்துல சாதாரண நாள் எப்படிப் போகும், கரண்ட், மிஷின் எதையும் தொடாம எப்படி அறுவடை பண்றாங்க, ரொம்ப அமைதியான வாழ்க்கையா?

கடைசிக் கேள்விக்கு முதல்ல பதில் சொல்லிடறேன். அமைதில்லாம் இல்லீங்க. பென்சில்வேனியால லான்காஸ்டர் கவுண்டில (உள்ளூர்க்காரங்க வாயில அது 'லாங்கிஸ்டர்') 11 வருஷமா வாடகை வீட்டுல இருக்கேன், மூணு பக்கமும் ஆமிஷ் பண்ணை. செப்டம்பர்ல காலைல அஞ்சு மணிக்கு முன்னாடியே பின்பக்கத்துப் பண்ணையோட டீசல் எஞ்சின் 'தட் தட்'னு ஆரம்பிச்சுடும், எனக்கு அலாரமே அதுதான். முதல் வருஷம் வீட்டைப் பாக்க வந்தப்ப "ஆமிஷ் ஏரியா, சத்தமே இருக்காது"ன்னு நானே என் வீட்டம்மாகிட்ட பெருமையா சொன்னேன், அதை இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க.

அந்த எஞ்சின் எதுக்குன்னா, பாலுக்கு. நாப்பது மாடு கறக்குற மிஷினுக்கு வேக்குவம் அதுலேருந்து வருது, கறந்த பாலைக் குளிர வைக்கிற பெரிய தொட்டிக்கும் அதுதான், அப்புறம் ஒரு டேங்குல காத்தை அழுத்தி அடைச்சு வச்சுக்குவாங்க. அந்தக் காத்துலதான் தண்ணி பம்பு, தையல் மிஷின், சமையலறை மிக்ஸர் எல்லாம் ஓடும். இங்க அதுக்கு 'ஆமிஷ் கரண்ட்'னே கிண்டலா ஒரு பேரு. ஃபிரிட்ஜ் கேஸ்ல ஓடும், விளக்கு பேட்டரி எல்ஈடி, இப்பெல்லாம் கொட்டகைக் கூரைல சோலார் தகடும் அங்கங்க தெரியுது. அதனால "கரண்ட்டைப் பாவம்னு நினைக்கிறாங்க"ன்னு இன்டர்நெட்ல சுத்துற கதைய விட்டுடுங்க. 1920-ஐ ஒட்டி இவங்க சபைப் பெரியவங்க வேணாம்னு முடிவு பண்ணினது தெருக் கம்பத்துலேருந்து வீட்டுக்குள்ள வர்ற லைனைத்தான். கம்பி வந்தா அது பின்னாடி என்னென்ன வரும்னு யோசிச்சிருக்காங்க. டிராக்டரும் அப்படித்தான், கொட்டகைப் பக்கத்துல நிக்க வச்சு பெல்ட் போட்டு மிஷின் ஓட்டலாம், வயல்ல இறக்கக் கூடாது. ரப்பர் டயரும் கூடாது, இரும்புச் சக்கரம் மட்டும்தான், ஏன்னா ரப்பர் டயர் போட்ட டிராக்டர்ல நாளைக்கு டவுனுக்கே போகலாம், அப்புறம் காருக்கும் அதுக்கும் என்ன வித்தியாசம்.

சரி, அறுவடைக்கு வர்றேன், ஏன்னா இந்த விதியோட பலன் அங்கதான் தெரியும்.

செப்டம்பர்ல மக்காச்சோளம் பச்சை மங்கி, ஆனா முழுசா காயாம இருக்குற பதத்துல சைலேஜுக்கு (கோபுரத்துல அடைச்சுப் புளிக்க வைக்கிற மாட்டுத் தீவனம்) வெட்டணும். செடில ஈரம் நூத்துக்கு அறுபத்தஞ்சு பக்கம் இருக்கணும், அதுக்கு மேல போனா சாறு ஒழுகி வீணாகும், ரொம்பக் காஞ்சா உள்ள காத்து தங்கிப் பூஞ்சை பிடிக்கும். ஆக ஒரு பண்ணைக்குக் கிடைக்கிறது பத்து நாள் போல ஒரு ஜன்னல்தான். லான்காஸ்டர்ல வயல் வேலைக்குக் கோவேறு கழுதைங்க, ரோட்டுக்குக் குதிரை. அந்தக் கழுதைங்க நாலஞ்சை வரிசையா பூட்டி, ஒரு பைண்டர் மிஷினை இழுக்க விடுவாங்க, அது தட்டையை அடியோட வெட்டி, கயித்துல கட்டி, கட்டுக்கட்டா போடும். பின்னாடியே இன்னொரு வண்டி, அதுல பசங்க கட்டுகளைத் தூக்கி அடுக்குவாங்க. ஒரு கட்டு என்ன கனம்ங்கறீங்க, நான் ஒரு தடவை சும்மா தூக்கிப் பாத்தேன், மூணாவது கட்டுலயே இடுப்பு 'போதும்டா சாமி'ன்னுடுச்சு, பக்கத்துல பதிமூணு வயசுப் பையன் சிரிக்காம இருக்க ரொம்பக் கஷ்டப்பட்டான். வண்டி கொட்டகைக்கு வந்ததும் ஒருத்தர் கட்டுகளை வெட்டுற மிஷின் வாயில தள்ளுவாரு, பெல்ட்ல ஓடுற அந்த மிஷின் பொடிப்பொடியா நறுக்கி, நெட்டுக்குத்தா நிக்கிற குழாய் வழியா காத்துல அடிச்சு சைலோ கோபுரத்துக்குள்ள கொட்டும். அந்தச் சத்தத்துல பக்கத்துல நின்னு பேசினாலும் காதுல விழாது. ஊர் முழுக்க புளிச்ச, இனிச்ச ஒரு பச்சை வாசனை.

இதை ஒரு குடும்பத்தால பண்ண முடியாது. வெட்ட ஒருத்தர், ஏத்த ரெண்டு பேர், வண்டி ஓட்ட மூணு பேர், மிஷின்கிட்ட ரெண்டு பேர்னு எப்படியும் எட்டு பத்து ஆள் வேணும், கழுதையும் வேணும். அதனால அக்கம்பக்கத்துல நாலஞ்சு பண்ணை சேந்துக்குவாங்க, இன்னிக்கு உன் சைலோ, நாளைக்கு என் சைலோ. கூலி கணக்கு கிடையாது, மத்தியான சாப்பாடு மட்டும் அன்னிக்கு யார் பண்ணையோ அவங்க வீட்டுல. இதையே நம்ம பாட்டன் காலத்துலயும் பண்ணிருக்காங்களே, டிராக்டரும் அறுவடை மிஷினும் வந்ததும் எங்க போச்சுன்னு யோசிச்சா இவங்க எதுக்கு மிஷினுக்கு இப்படி எல்லை போட்டு வச்சிருக்காங்கன்னு கொஞ்சம் பிடிபடும். பக்கத்து ஊர்ல ஆமிஷ் இல்லாத ஒரு விவசாயி பெரிய ஹார்வெஸ்டர் வச்சிருக்காரு, ஒரே ஆள் கேபின்ல ஏசி போட்டுக்கிட்டு காலைலேருந்து சாயங்காலத்துக்குள்ள மொத்தத்தையும் முடிச்சுடுவாரு. அவருக்கு யாரும் தேவையில்ல. அவர் வீட்டுக்கும் யாரும் சாப்பிட வரமாட்டாங்க.

சைலோ நிரப்பினதும் ஒரு ஆபத்து இருக்கு, இது ஆமிஷுக்கு மட்டும் இல்ல எல்லா விவசாயிக்கும். உள்ள தழை புளிக்க ஆரம்பிச்ச முதல் சில நாள் நைட்ரஜன் டை ஆக்சைடு வாயு கிளம்பும், மஞ்சளும் பழுப்புமா, பிளீச்சிங் பவுடர் மாதிரி வாடை, காத்தை விட கனம்ங்கறதால கீழ வழிஞ்சு வந்து தேங்கும். மூணு வாரம் வரைக்கும் பசங்களை அந்தப் பக்கம் விளையாட விடமாட்டாங்க. கண்ணுக்கு அழகா தெரியுற அந்தக் கோபுரம் ஆளையே கொன்னுடும்.

பொம்பளைங்க பக்கம் இதை விட மோசமான பிஸி. ஆகஸ்ட்ல தக்காளி, பீச் பழத்துல ஆரம்பிச்ச ஜாடில அடைச்சு வைக்கிற வேலை அக்டோபர் வரை நிக்காது, ஆப்பிள் சாஸ், திராட்சை ஜூஸ், பீட்ரூட் ஊறுகாய், மிச்சம் மீதி காய் எல்லாத்தையும் போட்டு வினிகர் சர்க்கரைல ஊற வைக்கிற 'சௌசௌ' (நம்ம காய் இல்ல, பேரு மட்டும்தான் ஒண்ணு). ஒரு வீட்டு நிலவறைல கண்ணாடி ஜாடி நூத்துக்கணக்குல அடுக்கியிருக்கும். பால்காரக் குடும்பத்து அம்மா ஒருதடவை கீழ கூட்டிட்டுப் போய் காட்டினாங்க, லைப்ரரி மாதிரி வரிசை வரிசையா, ஜாடி மூடில பென்சில்ல வருஷம் எழுதி. ஆப்பிளைப் பெரிய செப்புக் கொப்பரைல போட்டு விறகடுப்புல நாள் பூரா கிண்டி அல்வா பதத்துக்கு முன்னாடி இறக்குவாங்க, அதுக்கு ஆப்பிள் பட்டர்னு பேரு. பட்டர்லாம் ஒரு சொட்டு கூட கிடையாது. நீள மரக் கம்புத் துடுப்பு, நெருப்புல இருந்து ஆறடி தள்ளி நின்னு கிண்டலாம், பெரியவங்க சின்னவங்கன்னு மாத்தி மாத்திக் கிண்டணும், நிறுத்தினா அடி பிடிச்சுடும்.

திங்கக்கிழமை துணி துவைக்கிற நாள். வீட்டு வராந்தாலேருந்து கொட்டகை உச்சி வரைக்கும் கப்பி போட்ட கயிறு, வராந்தாவுல நின்னுகிட்டே ஒண்ணொண்ணா மாட்டி இழுத்து விட்டா துணி மேல ஏறிப் போகும். ஊதா, பச்சை, கத்தரிப்பூ கலர் கவுன், அப்புறம் கருப்புப் பேன்ட் பெருசுலேருந்து சின்னது வரைக்கும் படிப்படியா. அந்த வீட்டுல எத்தனை பசங்கன்னு ரோட்டுல போறப்பவே எண்ணிடலாம்.

ரோட்டோரம் அக்டோபர்ல பூரா சாமந்தித் தொட்டியும் பரங்கிக்காயும். ஒரு மேசை, ஒரு காசு டப்பா, விலை எழுதின அட்டை, ஆள் இருக்கமாட்டாங்க, நீங்களே காசைப் போட்டுட்டு எடுத்துக்கணும். ஹாலோவீன் இவங்களுக்கு பண்டிகையே இல்ல, ஆனா அதுக்கான பரங்கிக்காய் இவங்க வயல்லதான் விளையுது. லியோலா ஏலச் சந்தைக்கு அந்த சீசன்ல காலைல போனீங்கன்னா பரங்கிக்காய் ஏத்தின குதிரை வண்டிங்க வரிசையா நிக்கும், ஏலக்காரர் பேசுற வேகத்துல எனக்கு எண்ணைத் தவிர வேற எதுவும் புரிஞ்சதில்ல. ஞாயித்துக்கிழமை மட்டும் எதுவும் விக்க மாட்டாங்க, மேசை காலியா இருக்கும். தெரியாம வந்து ஏமாந்து போற டூரிஸ்ட் கூட்டம் வருஷா வருஷம் உண்டு. (இங்கிலீஷ்ல இவங்க வண்டிக்கு 'பக்கி'ன்னு பேரு. நம்ம ஊர்ல அதுக்கு வேற அர்த்தம், அதனால குதிரை வண்டின்னே எழுதுறேன். லான்காஸ்டர்ல வண்டிக் கூண்டு சாம்பல் கலர், ஒஹையோ பக்கம் கருப்பு. இழுக்கிற குதிரைங்கள்ல பாதிக்கு மேல ரேஸ்ல ஓடி ரிட்டயர் ஆன ஸ்டாண்டர்ட்பிரெட் ஜாதின்னு வச்சுக்கலாம்.)

பசங்க பள்ளிக்கூடம் ஆகஸ்ட் கடைசிலயே திறந்துடும். ஒரே ரூம், எட்டு வகுப்பு, முப்பது பசங்க, ஒரு டீச்சரம்மா, பெரும்பாலும் கல்யாணம் ஆகாத இளம் பொண்ணு. காலைல ரோடு ஓரமா மோட்டார் இல்லாத தள்ளு ஸ்கூட்டர்ல ஒரு காலால உந்திக்கிட்டே கூட்டமா போவாங்க, சைக்கிள் இந்தப் பக்கம் கிடையாது. எட்டாவதோட படிப்பு முடிஞ்சுது, 1972-ல விஸ்கான்சின் மாநிலத்துக்கும் யோடர்ங்கறவருக்கும் நடந்த வழக்குல உச்ச நீதிமன்றமே அது அவங்க மத உரிமைன்னு சொல்லிடுச்சு. எட்டாவதோட நிறுத்துறதுல எனக்கு இன்னிக்கும் முழு சம்மதம் இல்ல, அது வேற விவாதம். ஆனா அக்டோபர் வந்தா இந்தப் பள்ளிக்கூடத்தைப் பத்திப் பேச்சு எடுக்கும்போது குரல் தானா இறங்கிடும். 2006 அக்டோபர் 2-ம் தேதி நிக்கல் மைன்ஸ்ங்கற ஊர்ப் பள்ளிக்கூடத்துல வெளியாள் ஒருத்தன் துப்பாக்கியோட நுழைஞ்சு பத்துப் பொண்ணுங்களைச் சுட்டான், அஞ்சு குழந்தைங்க இறந்துட்டாங்க, அவனும் தன்னையே சுட்டுக்கிட்டான். அன்னிக்கு சாயங்காலமே ஆமிஷ் ஆளுங்க அவன் குடும்பத்துக்கிட்ட போய் 'உங்க மேல கோபம் இல்ல'ன்னு சொன்னாங்க, அவன் அடக்கத்துக்கும் போனாங்க. பத்து நாள்ல அந்தக் கட்டடத்தை இடிச்சுட்டு வெறும் புல்வெளியா விட்டுட்டாங்க.

மன்னிப்புங்கறது இவங்களுக்கு காலண்டர்லயே இருக்கு. வருஷத்துக்கு ரெண்டு தடவை, வசந்தத்துல ஒண்ணு, அக்டோபர்ல ஒண்ணு, கம்யூனியன் (ரொட்டியும் திராட்சை ரசமும் பகிர்ந்துக்கிற நற்கருணை வழிபாடு) நடக்கும். அதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி சபை மொத்தமும் கூடி, தங்களோட கட்டுப்பாடுகளை (அதுக்கு 'ஓர்ட்னுங்'னு பேரு) பெரியவங்க வரிசையா சொல்ல, ஒவ்வொருத்தரும் 'சம்மதம், எனக்கு யாரோடயும் பகை இல்ல'ன்னு சொல்லணும். சபைக்குள்ள பெரிய சண்டை தீராம இருந்தா கம்யூனியனையே தள்ளி வச்சுடுவாங்க. அக்டோபர் 11-ம் தேதி புனித மைக்கேல் நாள், லான்காஸ்டர் ஆமிஷுக்கு உபவாசம், பிரார்த்தனை, அன்னிக்கு அவங்க கடைங்க பூட்டிதான் இருக்கும். கம்யூனியன் அன்னிக்கு நாள் பூரா வழிபாடு, கடைசில ரெண்டு ரெண்டு பேரா ஒருத்தர் காலை ஒருத்தர் கழுவி விடுவாங்க. சர்ச் கட்டடம்னு எதுவும் கிடையாது, ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் யாராவது ஒருத்தர் வீட்டுல, பெஞ்சுங்களை ஏத்தின வண்டி வீடு வீடா மாறிப் போகும்.

இதுல எனக்கு ஒரு அனுபவம். ஒரு ஆகஸ்ட்ல பின்பக்கத்துப் பண்ணைப் பையன் வைக்கோல் வண்டியைத் திருப்பும்போது என் வீட்டு மெயில்பாக்ஸை இடிச்சு சாய்ச்சுட்டான். மறுநாளே புதுக் கம்பம் நட்டுக் கொடுத்தாங்க, நானும் மறந்துட்டேன். ஆனா ஒரு சின்ன கடுப்பு இருந்தது உண்மைதான், முகத்துல தெரிஞ்சிருக்கும் போல. அக்டோபர் முதல் வாரம் இருட்டுற நேரத்துல பெரியவர் தொப்பியைக் கையில வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு. "அந்தக் கம்பம் விஷயம் நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல சரியாயிடுச்சா?"ன்னு கேட்டாரு. நான் அவங்க சபைக்காரன் கூட இல்ல. கம்யூனியனுக்காகத்தான் வந்தாரான்னு நான் கேக்கல. இல்லைங்க, எதுவும் இல்லன்னு சொன்னேன், தலையை ஆட்டிட்டுப் போயிட்டாரு, அடுத்த நாள் வாசல்ல ஒரு பை ஆப்பிள். (அறுபது வயசு ஆளை நான் பேர் சொல்லித்தான் கூப்பிடணும், அங்க சின்னப் பசங்களே அப்படித்தான் கூப்பிடுறாங்க, மிஸ்டர், சார் எல்லாம் பெருமை பேசுறதுன்னு நினைப்பு. எனக்கு இன்னிக்கு வரைக்கும் நாக்கு வரல, பேரே சொல்லாம சமாளிச்சுக்கிட்டு இருக்கேன்.)

கம்யூனியன் முடிஞ்சதுதான் தாமதம், கல்யாண சீசன். லான்காஸ்டர்ல பரம்பரையா அக்டோபர் கடைசிலேருந்து டிசம்பர் முதல் வாரம் வரைக்கும், அதுவும் செவ்வாய், வியாழன் மட்டும். ஏன்னு கேட்டா காரணம் சாதாரணம். வயல் வேலை முடிஞ்சுது, பனி இன்னும் கொட்டல, முதல் நாள் ஏற்பாட்டுக்கும் மறுநாள் சுத்தம் பண்ணவும் நாள் வேணும், அதுல ஞாயிறு வந்துடக் கூடாது. இப்ப ஜனம் பெருகிப் போச்சு, வட அமெரிக்கால மொத்தம் 2024-ல 4 லட்சத்தைத் தாண்டியாச்சு, இருபது வருஷத்துல ரெண்டு மடங்கு ஆகுற வேகம், அதனால அந்த ஆறு வாரம் பத்தாம வசந்தத்துலயும் கல்யாணம் வைக்கிறாங்க. ஆனாலும் நவம்பர்ல ஒரே நாள்ல மூணு பத்திரிகை வந்து, காலைல ஒரு வீடு மத்தியானம் ஒரு வீடுன்னு ஓடுற ஆளுங்க உண்டு. இது நமக்கு வைகாசி முகூர்த்த நாள் மாதிரின்னு சொன்னா புரியும்.

சம்பந்தம் பேசினதை ரகசியமாவே வச்சிருப்பாங்க, கம்யூனியனுக்கு அப்புறம்தான் சபைல டீக்கன் (சபைப் பொறுப்பாளர்ல ஒருத்தர்) எழுந்து இன்னாரு பொண்ணுக்கும் இன்னாருக்கும்னு அறிவிப்பாரு. அந்த ஞாயித்துக்கிழமை பொண்ணு சபைக்கே வராது, வீட்டுல மாப்பிள்ளைக்கு சமைச்சுக்கிட்டு இருக்கும். ஆனா அக்கம்பக்கத்துப் பொம்பளைங்களுக்கு ஜூலைலயே தெரிஞ்சிடும், எப்படின்னா செலரி (நீளத் தண்டு இருக்குற ஒரு கீரை வகை). கல்யாண விருந்துக்குக் கூடை கூடையா செலரி வேணும், பால் சாஸ்ல வேக வச்சு ஒரு பதார்த்தம், பச்சையாவே ஜாடில பூ மாதிரி செருகி மேசைல அலங்காரம். கல்யாண வயசுல பொண்ணு இருக்குற வீட்டுத் தோட்டத்துல திடீர்னு நாலு பாத்தி செலரி எக்ஸ்ட்ரா நின்னா முடிஞ்சுது கதை. (நீலக் கேட் இருந்தா அந்த வீட்டுல பொண்ணு இருக்குன்னு அர்த்தம்னு டூரிஸ்ட்டுங்க சொல்றது சுத்தப் பொய்.)

முன்னூறு நானூறு பேர், பொண்ணு வீட்டுலதான். காலைல எட்டரைக்கு ஆரம்பிச்சு மூணு மணி நேரத்துக்கு மேல பாட்டும் பிரசங்கமும், மோதிரம் இல்ல, முத்தம் இல்ல, போட்டோ இல்ல. பொண்ணு பெரும்பாலும் நீலக் கவுன், தானே தச்சது, மறுபடி ஞாயித்துக்கிழமைகளுக்குப் போடலாம். முடிஞ்ச அடுத்த நிமிஷம் அதே பெஞ்சுங்களைத் தூக்கி சட்டத்துல செருகி மேசையாக்கிடுவாங்க. சாப்பாட்டுல ராணி 'ரோஷ்ட்', கோழிக்கறியைப் பிச்சு ரொட்டித் துண்டோட கலந்து வேக வச்சது, கூட மசிச்ச உருளைக்கிழங்கு. முதல் நாள் கோழிங்களோட தலையை மாப்பிள்ளைதான் வெட்டணும்ங்கறது பழைய பழக்கம். சமைக்கிறது யாருன்னா சொந்தக்காரத் தம்பதிங்க, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேருமா, லிஸ்ட் போட்டு வேலை பிரிச்சிடுவாங்க. இப்ப அடுப்பு, சிங்க், பாத்திரம் எல்லாம் வச்ச கல்யாண வேனும் வாடகைக்கு வருது. முதல் ராத்திரி பொண்ணு வீட்டுலயே, ஏன்னா மறுநாள் காலைல புது ஜோடி ரெண்டும் எழுந்து பாத்திரம், துணி, தரைன்னு கழுவணும். அதுக்கப்புறம் குளிர் காலம் பூரா வார இறுதிகள்ல சொந்தக்காரங்க வீடு வீடா தங்கிப் பரிசு வாங்குவாங்க, தனிக்குடித்தனம் வசந்தத்துலதான். அன்னிலேருந்து மாப்பிள்ளை தாடி வளர்ப்பாரு, மீசை கிடையாது.

ஒரு விஷயம் சொல்லிடணும், இதைப் படிச்சிட்டு எல்லாரும் விவசாயின்னு நினைச்சிடாதீங்க. இங்க நிலம் ஏக்கர் 20,000 டாலருக்கு மேல போகுது, ஏழெட்டுப் பசங்க இருக்குற அப்பா எத்தனை பேருக்கு வாங்கித் தருவாரு. அதனால பாதிக்கும் மேல தச்சு வேலை, கொட்டகை கட்டுறது, வெல்டிங் பட்டறைன்னு போயாச்சு. ஆனா அந்தப் பட்டறைக்காரனும் செப்டம்பர்ல ரெண்டு நாள் ஷட்டரை இறக்கிட்டு அண்ணன் சைலோவுக்குப் போயிடுவான், நவம்பர் வியாழக்கிழமைல கதவுல 'கல்யாணம்'னு ஒரு அட்டை தொங்கும், நீங்க ஆர்டர் கொடுத்த மேசை அடுத்த வாரம்தான். அமெரிக்காவே ஓய்வெடுக்கிற தேங்க்ஸ்கிவிங் வியாழக்கிழமைதானே, அன்னிக்கும் கல்யாணம் வைப்பாங்க. அதுக்கு அடுத்த சனிக்கிழமை மான் வேட்டை சீசன் திறக்கும், அன்னிக்கு ஊர்ல ஆம்பளைங்களையே பாக்க முடியாது, கார் ஓட்டத் தெரிஞ்ச 'இங்கிலீஷ்' ஆளை (ஆமிஷ் இல்லாத எல்லாரும் இங்கிலீஷ்தான், என்னையும் சேத்து) வாடகைக்குப் பிடிச்சு வேன்ல மலைக்குப் போயிருப்பாங்க.

எனக்கு இந்த சீசன்லயே பிடிச்சது கடைசில வர்ற ஒரு வேலை. பழைய லான்காஸ்டர் பணப்பயிர் புகையிலை, முன்ன மாதிரி இல்லன்னாலும் சில பண்ணைல இன்னும் இருக்கு. ஆகஸ்ட், செப்டம்பர்ல செடியோட வெட்டி, நாலடி ரீப்பர்ல அஞ்சாறு தண்டாக் குத்திக் கோத்து, கொட்டகைல மாடி மாடியா தலைகீழா தொங்க விட்டிருப்பாங்க, சுவர்ப் பலகைங்க கதவு மாதிரி திறக்கும், காத்துலயே காயணும். ஆனா காஞ்ச இலையைத் தொட்டா அப்பளம் மாதிரி நொறுங்கிடும். அதனால நவம்பர் கடைசில மூடுபனியோ தூறலோ வர்ற நாளுக்குக் காத்துக்கிட்டு இருப்பாங்க, ஈரம் குடிச்சு இலை துணி மாதிரி துவண்டதும் இறக்கி, ஈரமான நிலவறைல குமிச்சு, விளக்கு வச்சு, குடும்பமே சுத்தி உக்காந்து தண்டுலேருந்து இலையை உரிச்சு நீளம் பாத்துப் பிரிப்பாங்க. கை பூரா பழுப்புப் பிசின், பேச்சு பூரா அவங்க பென்சில்வேனியா ஜெர்மன்ல, அந்தக் கல்யாணத்துல யார் எவ்வளவு சாப்பிட்டாங்க, எந்தக் குதிரை என்ன விலைன்னு. போன வருஷம் பால் வாங்கப் போனப்ப மழை விடாம தூறிக்கிட்டு இருந்தது, நான் வாய் தவறி "ச்சே, என்ன வானிலை"ன்னுட்டேன். பெரியவர் என்னைப் பாத்துட்டு, "மூணு வாரமா இதுக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தோம்"னு சொல்லிட்டு நிலவறைப் படில இறங்கிட்டாரு.